ஊர் ஊராகப் போன ஒரு மணல் துகள்

மணவாளக்குறிச்சி பக்கம் அலை பின்வாங்கியதும் ஈரமணலில் கறுப்பு வரி வரியாகத் தங்கிப் போயிருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட். கூடவே கார்னெட், மோனசைட், ரூட்டைல், அப்புறம் சிர்கான். ஒரு கை அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனம் என்பது உள்ளங்கைக்கே தெரிந்துவிடும். இலங்கையில் புல்மோட்டைக் கரையிலும் இதே கதைதான். இந்தச் சிர்கானைப் பிரித்து அரைத்து டைல்ஸ், வாஷ்பேசின் மேல்பூச்சில் சேர்க்கிறார்கள், வெள்ளை நல்ல வெள்ளையாகத் தெரிவதற்கு. பூமியின் மழலைப் பருவத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடிய சாட்சி என்று இன்றைக்கு நம்மிடம் இருப்பது ஏறக்குறைய இந்தக் கனிமம் ஒன்றுதான், அதை நாம் பாத்ரூமில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

நம் கரையில் கிடைப்பது அவ்வளவு பழசில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா எல்லாம் கோண்ட்வானா என்று ஒரே கண்டமாக ஒட்டிக்கொண்ட, சுமார் 55 கோடி ஆண்டுக்கு முந்தைய காலத்தின் முத்திரைதான் இங்கே அதிகம். நான் சொல்ல வந்தது இதன் மூத்த சொந்தக்காரர்களைப் பற்றி, குறிப்பாக மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜாக் ஹில்ஸ் என்ற வறண்ட குன்றுகளில் கிடைத்த துகள்களைப் பற்றி. அவற்றின் கதை எந்த ஒரு பல்கலைக்கழகத்துக்கும் சொந்தமில்லை. ஒருவர் பொறுக்கினார், இன்னொருவர் வயது பார்த்தார், வேறு கண்டத்தில் ஒருவர் ஆக்சிஜன் அளந்தார், நாலாவது ஆள் வந்து "நீங்கள் பார்த்தது அழுக்கு" என்றார். அறிவியல் செய்திகளில் "கூட்டு ஆய்வு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவதற்குள் என்னென்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் பிரச்சினை என்னவென்று பார்ப்போம். பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. வயது பற்றி வழக்கில்லாத மிகப் பழைய பாறை கனடாவின் அகாஸ்டா நைஸ், அதற்கு 403 கோடி. (கியூபெக்கில் ஹட்சன் விரிகுடா ஓரமாக ஒரு பாறைத்தொகுதி இதைவிடப் பழசு என்று 2008-லிருந்து ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, 2025-ல்கூட 416 கோடி என்று புதிய அளவீடு வந்தது, அது தனிக்கதை.) ஆக முதல் 50 கோடி ஆண்டுக்குக் கையில் பாறையே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பூமி தன் பழைய மேலோட்டைத் தானே விழுங்கி உருக்கி மறுபடி வார்க்கிற கிரகம், மிச்சத்தை மழையும் காற்றும் அரித்துவிடும். 1972-ல் பிரெஸ்டன் கிளவுட் என்ற புவியியலாளர் இந்தக் காலத்துக்கு ஹேடியன் என்று பெயர் வைத்தார், கிரேக்கர்களின் பாதாள உலகமான ஹேடீஸை நினைத்து. நம் ஆள் யாராவது வைத்திருந்தால் எமலோக யுகம் என்று வைத்திருப்பார். எங்கு பார்த்தாலும் பாறைக்குழம்பு, மேலே விண்கல் மழை என்பதுதான் அன்று எல்லோர் மனதிலும் இருந்த படம்.

பாறை அழியும், ஆனால் அதற்குள் இருக்கிற சிர்கான் அவ்வளவு சுலபத்தில் அழியாது. கடினம், ரசாயனத்துக்கு அசையாது, ஆற்றில் உருண்டு மணலாகி, அந்த மணல் இறுகி வேறு பாறையாகி, அது மறுபடி உடைந்தாலும் சிர்கான் சிர்கானாகவே இருக்கும். இன்னொரு குணமும் உண்டு. பாறைக்குழம்பில் அது படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், காரீயத்தை விடாது. ஆகவே இன்றைக்கு ஒரு சிர்கானுக்குள் காரீயம் இருந்தால், அது ஏறக்குறைய அத்தனையும் உள்ளேயே யுரேனியம் சிதைந்து பிறந்ததுதான். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாக 70 கோடி. ஒரே துகளுக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் நம்பலாம், முரண்பட்டால் நடுவில் ஏதோ கசிந்திருக்கிறது என்று அர்த்தம். பொய் சொன்னால் தானே காட்டிக்கொடுக்கும் கடிகாரம் வேறெங்கே கிடைக்கும்!

இதை முதலில் அளக்கப் போனவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் நகர முடியாது. 1948 வாக்கில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹாரிசன் பிரௌன் தன் இரண்டு மாணவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தார். சிர்கானில் இருக்கிற யுரேனியத்தை ஜார்ஜ் டில்டன் அளக்க வேண்டும், காரீயத்தை கிளேர் பேட்டர்சன் அளக்க வேண்டும். டில்டனின் கணக்கு சரியாக வந்தது. பேட்டர்சனின் காரீயம் மட்டும் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு எகிறியது. தண்ணீர், கண்ணாடிக் குடுவை, மேசைத் தூசி, தலைமுடி என்று எல்லாவற்றிலும் காரீயம். அதைத் துடைத்துத் துடைத்தே வருடங்கள் போயின. பிறகு கலிஃபோர்னியாவில் இருக்கிற கால்டெக் கல்விநிலையத்துக்குப் போய் தனக்கென்று ஒரு சுத்த அறையைக் கட்டிக்கொண்டு, அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயாப்லோ விண்கல்லிலிருந்து காரீயத்தைப் பிரித்தெடுத்து, 1953-ல் அதைத் தூக்கிக்கொண்டு சிகாகோ பக்கம் இருந்த ஆர்கோன் ஆய்வகத்துக்குப் போனார், ஏனென்றால் அளக்கும் கருவி அங்கேதான் இருந்தது. எண் வந்த பரபரப்பில் அயோவாவில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய், மாரடைப்பு மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்டாராம். 1956-ல் அச்சான எண் 455 கோடி, ஏழு கோடி முன்னே பின்னே. அதற்குப் பிறகு அது பெரிதாக மாறவில்லை. அறையெல்லாம் நிறைந்திருந்த அந்தக் காரீயத்தில் பெரும்பங்கு பெட்ரோலில் கலந்ததிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து எண்ணெய்க் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றதும் இதே மனிதர்தான்.

பூமியின் வயதைச் சொன்னது விண்கல். அந்த ஆரம்ப காலத்தில் பூமி எப்படி இருந்தது என்று விண்கல்லால் சொல்ல முடியாது, அதற்குப் பூமிச் சரக்கே வேண்டும். கான்பெராவில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் பில் காம்ப்ஸ்டன் குழு ஒரு கருவி கட்டியது. அதன் நீளமான பெயரைச் சுருக்கி 'ஷ்ரிம்ப்' என்றார்கள், அதாவது இறால். ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டு நிற்கிற இறால். சிர்கானின் ஒரு புள்ளியில் அயனிக் கற்றையைப் பாய்ச்சி, தலைமுடியின் தடிமனைவிடச் சிறிய குழியைத் தோண்டி, அதிலிருந்து தெறிக்கும் அணுக்களைத் தரம் பிரித்து எண்ணும். முழுத் துகளையும் கரைத்தால் எல்லா வயதும் கலந்து சராசரி வந்துவிடும், இதில் துகளின் நடுவுக்கு ஒரு வயது, ஓரத்துக்கு ஒரு வயது என்று தனித்தனியாகப் பார்க்கலாம். 1983-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் நேரியர் மணற்பாறையில் 410 கோடியைத் தாண்டிய துகள்கள் அகப்பட்டன. 1986-ல் காம்ப்ஸ்டனும் பெர்த்தில் இருந்த பாப் பிட்ஜனும் ஜாக் ஹில்ஸில் 427.6 கோடி என்றார்கள்.

ஜாக் ஹில்ஸ் பெர்த்துக்கு வடக்கே சுமார் 800 கிலோமீட்டர். அங்கே இருப்பது கூழாங்கற்கள் இறுகிப் போன பாறை, அது படிந்து சுமார் 300 கோடி ஆண்டு ஆகிறது. பாறை 300 கோடி, உள்ளே இருக்கிற மணலில் சில மட்டும் 400 கோடிக்கு மேல். பழைய வீட்டை இடித்த மரத்தைக் கொண்டு புது வீட்டுக்கு நிலை செய்வது மாதிரி. அந்தப் பழைய வீடு எங்கே இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

துகளைப் பிரிக்கிற வேலை நம் பாட்டிகள் முறத்தில் அரிசி கொழிக்கிற அதே வேலை. பாறையை உடைத்துப் பொடியாக்கி, ஆடும் மேசையில் தண்ணீரோடு ஓடவிட்டு லேசானதைக் கழித்து, காந்தத்தால் இரும்புச் சரக்கை இழுத்து, மிச்சத்தைக் கனமான திரவத்தில் கொட்டினால் குவார்ட்ஸ் மிதக்கும், சிர்கான் அடியில் போய் உட்காரும். அப்புறம் ஒரு மாணவர் மைக்ரோஸ்கோப் முன்னால் ஊசியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும், கழுத்து போய்விடும். பொறுக்கியதை வரிசையாக அடுக்கி, அரால்டைட் ஜாதிப் பசையில் பதித்து, பாதித் துகள் தேயும்வரை பாலிஷ் போடுவார்கள். கடைசியில் கையில் இருப்பது பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறிய ஒரு வில்லை. அதற்குள் நூற்றுக்கணக்கில் துகள்கள். ஊர் ஊராகப் போவது இந்த வில்லைதான், சட்டைப்பைக்குள் அடங்கிவிடும்.

இப்படி ஒரு வில்லையில் இருந்த துகளைத்தான் பெர்த் கர்டின் பல்கலைக்கழகத்தில் சைமன் வைல்டு ஷ்ரிம்பில் வைத்துப் பார்த்தார். அகலம் இரண்டு தலைமுடி இருக்கும். அதன் ஒரு புள்ளியில் வயது 440.4 கோடி வந்தது. வயது தெரிந்தாயிற்று, ஆனால் வயது மட்டும் தெரிந்து என்ன செய்வது? அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஜான் வேலியும் அவரிடம் படித்த வில்லியம் பெக்கும் சிர்கானின் ஆக்சிஜனைப் படிப்பவர்கள். ஆனால் இவ்வளவு சின்னப் புள்ளியில் ஆக்சிஜன் அளக்கிற கருவியும் அதில் கை தேர்ந்த காலின் கிரகாமும் ஸ்காட்லாந்தில், எடின்பரோவில். ஆஸ்திரேலியக் கல், அமெரிக்கக் கேள்வி, ஸ்காட்லாந்துக் கருவி.

இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு, வெளியில் யாரும் பேசமாட்டார்கள். ஷ்ரிம்ப் பாய்ச்சுவதே ஆக்சிஜன் அயனிக் கற்றையைத்தான். வயது பார்த்த குழியிலேயே போய் ஆக்சிஜன் அளந்தால், நாமே ஊற்றிய தண்ணீரைக் கிணற்று ஊற்று என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். அதனால் குழியை மறுபடி தேய்த்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆக்சிஜனை முதலில் அளந்துவிட்டு வயதைப் பிறகு பார்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் துகள் குறையும். எந்த ஆய்வகம் முதலில், எது கடைசியில், யார் எவ்வளவு தேய்க்கலாம் என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்தாக வேண்டும், துகளோ ஒன்றே ஒன்று.

ஆக்சிஜன் என்ன சொல்லும்? ஆக்சிஜனில் லேசானது 16, கனமானது 18. கடல்நீரை அடிப்படையாக வைத்து, கனமானது ஆயிரத்துக்கு எவ்வளவு கூடுதல் என்று கணக்குப் போடுவார்கள். மேலோட்டுக்குக் கீழே மேன்டிலிலிருந்து நேராக வந்த குழம்பில் பிறந்த சிர்கானில் அது சுமார் 5.3. ஒரு பாறை நிலத்தின் மேல் கிடந்து, குளிர்ந்த தண்ணீரில் ஊறி, இற்றுக் களிமண்ணானால் கனமான ஆக்சிஜன் ஏறும். அந்தக் களிமண் புதைந்து உருகி, அந்தக் குழம்பில் ஒரு சிர்கான் பிறந்தால் பிள்ளைக்கும் அந்தக் கனம் வரும். சூடான இடத்தில் இந்த வேறுபாடு ஏறக்குறைய எழாது, தண்ணீர் குளிர்ந்து இருந்திருக்க வேண்டும். அந்த 440 கோடி ஆண்டுத் துகளில் எடின்பரோவில் அளந்தபோது 7.4 வரை போனது.

எமலோகம் என்று எல்லோரும் வரைந்து வைத்திருந்த காலத்தில், பூமி பிறந்து 15 கோடி ஆண்டுக்குள்ளேயே, தண்ணீர் தண்ணீராக நின்றிருக்கிறது! 2001-ல் நேச்சர் இதழில் இந்த நால்வரின் கட்டுரை வந்தது. அதே இதழிலேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து ஆட்கள் பிட்ஜனோடு சேர்ந்து, தனியாக, வேறு துகள்களில், ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்த கட்டுரையும் வந்தது. எனக்கு முதல் கட்டுரையைவிட இந்த இரண்டாவதுதான் முக்கியம். ஒருவர் சொன்னால் அது கண்டுபிடிப்பு, சம்பந்தமில்லாத இன்னொருவரும் சொன்னால்தான் அதை நம்பிக் கை வைக்கலாம். 2005-ல் நியூயார்க் மாநிலத்து ரென்சலேர் கல்விநிலையத்தின் புரூஸ் வாட்சனும் லாஸ் ஏஞ்சலஸின் மார்க் ஹாரிசனும் சிர்கானில் இருக்கிற டைட்டானியத்தை வைத்து, அது பிறந்த குழம்பின் வெப்பம் 700 டிகிரி வாக்கில் என்று காட்டினார்கள். அவ்வளவு குறைந்த சூட்டில் பாறை உருக வேண்டுமென்றால் அதில் தண்ணீர் கலந்திருக்க வேண்டும். மூன்றாவது சாட்சி, முற்றிலும் வேறு வழியில்.

எல்லாம் இவ்வளவு சுமுகமாகப் போகவில்லை. 2007-ல் ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகக் குழு, கர்டின்காரர்களோடு சேர்ந்து, ஜாக் ஹில்ஸ் சிர்கான்களுக்குள் குட்டிக் குட்டி வைரங்கள் இருக்கின்றன என்று நேச்சரில் எழுதியது. வைரம் உண்டாக வேண்டுமென்றால் பெரும் அழுத்தம் வேண்டும், அப்படியானால் அந்தக் காலத்திலேயே தடித்த மேலோடு இருந்திருக்க வேண்டும் என்று பெரிய பெரிய முடிவுகள் அதன் மேல் எழும்பத் தொடங்கின. ஏழு வருடம் கழித்து ரிவர்சைடில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஆட்களும் ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வு நிலையத்து ஆட்களும் அதே சிர்கான்களை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் குடைந்து பார்த்தார்கள். வைரம் உண்மைதான். ஆனால் அது இருந்தது விரிசல்களுக்குள், கூடவே பசையும். துகளுக்குப் பாலிஷ் போட வைரப் பொடி கலந்த பசையைத் தேய்ப்பார்கள் அல்லவா, அதன் மிச்சம்! 400 கோடி ஆண்டுப் பழைய வைரம் என்று நினைத்தது கடையில் வாங்கின டப்பாவிலிருந்து வந்தது. பேட்டர்சனைப் படுத்தியது காரீயத் தூசி, இவர்களைப் படுத்தியது வைரத் தூசி. இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம், ஆனால் அந்தத் துகள்கள் முதல் குழுவின் அலமாரியிலேயே பூட்டிக் கிடந்திருந்தால் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் அந்த வைரம் மின்னிக்கொண்டிருக்கும்.

வயதின் மேலேயே ஒரு சந்தேகம் இருந்தது. காரீய அணுக்கள் படிகத்துக்குள் இடம் மாறி ஓரிடத்தில் குவிந்திருந்தால், அந்தப் புள்ளியில் வயது கூடுதலாகக் காட்டும் அல்லவா? 2014-ல் வேலியின் குழு இன்னொரு துகளை எடுத்து, அணு அணுவாக உரித்து எண்ணும் கருவியில் வைத்துப் பார்த்தது. காரீயம் நகர்ந்துதான் இருந்தது, ஆனால் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள கொத்துகளாகத்தான். ஷ்ரிம்பின் குழி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது, கணக்குக் கெடாது. அந்தத் துகளுக்கு 437.4 கோடி என்று வயது நின்றது. பழைய 440.4-ஐவிடக் கொஞ்சம் இளசு, ஆனால் குறுக்கு விசாரணையில் தப்பி வந்த எண்.

காந்தப்புலத்து வழக்கு இன்னும் காரசாரம். சிர்கானுக்குள் மாட்டிக்கொண்ட இரும்புக் கனிமத் துணுக்குகளில் அந்தக் காலத்துப் பூமியின் காந்தம் பதிவாகியிருக்கிறது, 420 கோடி ஆண்டு முன்பே பூமிக்குக் காந்தக் கவசம் இருந்தது என்று 2015-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் டார்டுனோ குழு சொன்னது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விநிலையத்து பெஞ்சமின் வெய்ஸ் குழு உடனே மறுத்தது: அந்தப் பாறைகள் பிற்பாடு சூடேறியிருக்கின்றன, அந்த இரும்பும் விரிசல் வழியாகப் பின்னால் நுழைந்தது, நீங்கள் படிப்பது பழைய கையெழுத்து இல்லை, மேலே யாரோ எழுதியது என்று. கட்டுரைக்குப் பதில் கட்டுரை, பதிலுக்கு மறுபதில். ஒரே குன்று, ஒரே ஜாதித் துகள், நேர் எதிரான இரண்டு தீர்ப்பு. எனக்கு எம்.ஐ.டி. பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு, 400 கோடி ஆண்டு ஒரு காந்தப்பதிவு கலையாமல் இருந்தது என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது என் கட்சி.

அதே 2015-ல் லாஸ் ஏஞ்சலஸும் ஸ்டான்ஃபோர்டும் சேர்ந்து 410 கோடி ஆண்டுத் துகள் ஒன்றுக்குள் கிராஃபைட் கண்டார்கள். அதில் இருந்த கார்பன், உயிர்கள் விட்டுப்போகிற கார்பன் மாதிரி லேசாக இருந்தது. அது உயிரின் தடயமாக இருக்கலாம் என்று எச்சரிக்கையோடு எழுதினார்கள், செய்தித்தாள்கள் அந்த எச்சரிக்கையை எடுத்துவிட்டு அச்சடித்தன. பத்தாயிரத்துக்கு மேல் துகள்களைச் சலித்ததில் ஒரே ஒரு துகள். உயிர் இல்லாமலும் அப்படிப்பட்ட கார்பன் உண்டாக வழி இருக்கிறது. வைரக் கதைக்குப் பிறகு இந்தக் குழு விரிசல் இல்லாத துகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது மட்டும் நல்ல விஷயம்.

2024-ல் கர்டின், அபுதாபியின் கலீஃபா பல்கலைக்கழகம் எல்லாம் சேர்ந்து அதே ஜாக் ஹில்ஸில் எதிர்த் திசையில் தேடின. இதுவரை கனமான ஆக்சிஜனைப் பார்த்து வியந்தோம், இவர்களுக்கு அகப்பட்டது வழக்கத்தைவிட லேசான ஆக்சிஜன், 400 கோடி ஆண்டுத் துகள்களில். கடல்நீரால் அவ்வளவு லேசாக்க முடியாது. மழைநீர்தான் கடலைவிட லேசு, ஆவியாகி மேலே போய் நிலத்தின் மேல் பொழிந்த நன்னீர். நன்னீர் பாறைக்குள் இறங்க வேண்டுமென்றால் கடலுக்கு மேலே தலை நீட்டிய நிலம் இருந்திருக்க வேண்டும். கடல் மட்டும் சூழ்ந்த உருண்டை என்று அந்தக் காலத்தை நினைத்தவர்களுக்கு இது தொல்லை.

எல்லாம் ஒரே குன்றிலிருந்து வருகிறதே என்பது நியாயமான கேள்வி. ஒரு தெருவைப் பார்த்துவிட்டு ஊரைப் பற்றிப் பேசலாமா? அதனால்தான் 2018-ல் ஒடிசாவிலிருந்து வந்த சேதி எனக்குப் பெரிதாகப் பட்டது. கியோஞ்ஜர் மாவட்டத்தில் சம்புவா பக்கத்துப் பாறை ஒன்றை எடுத்துக் கல்கத்தா பல்கலைக்கழகமும் கர்டினின் மலேசிய வளாகமும் பெய்ஜிங்கில் ஷ்ரிம்ப் வைத்திருக்கிற ஆய்வு மையமும் சேர்ந்து பார்த்தன. பாறைக்கு வயது 340 கோடி வாக்கில். உள்ளே இருந்த சிர்கான்களில் ஒன்றுக்கு சுமார் 424 கோடி, இன்னொன்றுக்கு 403 கோடி. ஜாக் ஹில்ஸில் கிடைத்தது ஆற்றில் அடித்து வந்த மணல், ஒடிசாவில் கிடைத்தது அப்படியில்லை. கீழிருந்து எழுந்த குழம்பு வழியில் எதையோ உரசி, அதன் துணுக்கை விழுங்கிக்கொண்டு வந்து உறைந்திருக்கிறது. விழுங்கப்பட்ட அந்தப் பழைய நிலம், ஒடிசாவும் ஜார்க்கண்டும் சேரும் இந்தச் சிங்பூம் பூமிக்கு அடியில்தான் எங்கேயோ இருந்திருக்க வேண்டும். இப்போதைக்கு அதன் மிச்சம் என்று கையில் இருப்பது இரண்டே இரண்டு துகள்.